ஆற்றுக்குப் போகும் வழி

எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தால் இரவில் ஆற்றுச் சத்தம் கேட்கும். வீட்டிலிருந்து கடவுக்கு, அதாவது குளிக்க இறங்கும் துறைக்கு, இருநூறு அடிக்குள்தான். அப்படி இருந்தும் என் அம்மை நாலு வருஷம் ஆற்றைப் பார்க்கவில்லை. முட்டுவலி ஒரு காரணம். வழி இல்லை என்பதுதான் பெரிய காரணம்.

நான் கொத்தனார். முப்பது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன். பாதி நாள் திருவனந்தபுரத்தில் வேலை, பாதி நாள் ஊரில். குழித்துறைப் பாலத்துக்குக் கீழே தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையைத் தொட்டு, தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிற ஆறு இது. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளம்.

எங்கள் கடவுக்கு இறங்கும் இடவழியைப் போன வருஷம் சரிசெய்தோம். எப்படிச் செய்தீர்கள் என்று வேறு ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்கள் ஊரிலும் இதே கதைதான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் சின்ன வயதில் அந்த வழிக்கு இரண்டு பக்கமும் கய்யாலைதான். மண்ணைக் குழைத்து வைத்த இடுப்பளவு வரப்பு. மேலே கைதையும் செம்பருத்தியும் நிற்கும். குளித்துவிட்டு வரும் பெண்கள் கய்யாலைக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் மாமியிடம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். தலையில் துணி மூட்டையோடு ஒருத்தி இறங்க, ஈரத்துணி வாளியோடு இன்னொருத்தி ஏற, ஒருவருக்கொருவர் ஒதுங்க வேண்டிய தேவையே இருக்காது. கீழே கடவில் ஒரு கருங்கல் கிடந்தது, துணி துவைக்கிற கல். நடுவில் குழிந்து, சோப்பும் கையும் பட்டு வழவழவென்று இருக்கும்.

அப்புறம் கல்ஃப் பணம் வந்தது, ரப்பருக்கு விலை வந்தது. கய்யாலைகள் போய் ஹாலோபிளாக் சுவர்கள் வந்தன. இங்கே ஒரு விஷயத்தைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். கய்யாலை அடியில் இரண்டடி அகலம் இருக்கும். சுவர் அரையடிதான். கய்யாலையை வெட்டிச் சுவர் வைத்தால் வழி அகலமாகத்தானே வேண்டும்? ஒரு இடத்திலும் ஆகவில்லை. ஏனென்றால், கய்யாலையின் வழிப்பக்க ஓரம் எங்கே முடிகிறதோ அதற்கும் அரையடி வெளியே நூல் பிடிப்போம். ‘மழையில் கரைந்துபோன மண்ணு, அது நம்ம இடம்தானே’ என்பார் வீட்டுக்காரர். இந்தப் பக்கம் அரையடி, அந்தப் பக்கம் அரையடி. பத்து வருஷம் கழித்து இன்னொருவர் வாங்கி, பழைய சுவரை இடித்துப் புதுசு வைக்கும்போது இன்னும் அரையடி.

பலாமர வளைவில் இருந்த சுவரை 2009-ல் கட்டியது நான்தான். ‘வளைவை நிமித்தி ஒரு அடி கூட்டிப் பிடி’ என்றார் அந்த வீட்டு அண்ணன். பிடித்தேன். கூலி வாங்கினேன். அஸ்திவாரத்துக்குக் கல் குறைந்தது. கீழே கடவுப்பக்கம் சும்மா கிடந்ததை எல்லாம் உருட்டி வந்து போட்டோம். அப்போது வீட்டுக்கு வீடு மோட்டார் வந்துவிட்டது, ஆற்றில் யார் துவைக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். அன்றைக்கு அந்த அளவோடு யோசித்து நிறுத்திக்கொண்டேன். அது தப்பு.

2021 நவம்பர் மழை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. அணைகளிலிருந்து தண்ணீர் திறந்து, குழித்துறைச் சப்பாத்து என்கிற தரைப்பாலம் முழுதும் மூழ்கி, ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. எங்கள் கடவுக்குப் பக்கத்தில் இரண்டு வீடுகள். தண்ணீர் முற்றத்துக்கு ஏறியபோது ராத்திரி பதினொன்றரை. ஒரு வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்த தாத்தா. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, நாலு பேர் தூக்கினோம். வளைவு வரைக்கும் வந்தாயிற்று. வளைவில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆள் நிற்க இடமில்லை. பக்கவாட்டில் பிடித்த இரண்டு பேரும் விட்டுவிட வேண்டும், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் மட்டும். நாற்காலி சாய்ந்தது. தாத்தாவின் வலது கை, உணர்ச்சி இருக்கிற கை, சுவரில் சொரசொரவென்று உராய்ந்துகொண்டே வந்தது. பூசாத சுவர். அவர் சத்தமே போடவில்லை. ரோட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் முழங்கையிலிருந்து விரல் வரை தோல் உரிந்திருந்தது தெரிந்தது.

மறுநாள் டேப் எடுத்துக்கொண்டு போனேன். வளைவில் இரண்டடி ஒன்பது அங்குலம்.

அதற்குப் பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. முதலில் வழி யாருடையது என்று தெரிய வேண்டும். தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் எடுக்கலாம். அதைப் பார்த்தோம். ரோட்டிலிருந்து வளைவு வரை புறம்போக்குப் பாதை, தனி எண்ணோடு தெளிவாக இருந்தது. ஆறரை அடி அகலம். வளைவிலிருந்து ஆறு வரை பாதையே இல்லை. அந்தத் துண்டு ஒரு வீட்டுப் பட்டாவுக்குள் கிடந்தது. மேல்பாதி அரசு நிலம், கீழ்பாதி தனியார் நிலம். இப்படி ஒரு வழியை எந்த அதிகாரியிடம் கொண்டுபோனாலும் அவர் வளைவோடு நின்றுவிடுவார்.

கீழ்பாதிக்குச் சாட்சி அந்த வீட்டிலேயே இருந்தது. எங்கள் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்ததால் பழைய பிரமாணங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், பலவும் மலையாளத்தில்தான் இருக்கும். அந்த வீட்டு மாமா, ரிட்டயர் ஆன வாத்தியார், ஒரு நாள் தகரப்பெட்டியிலிருந்து ஒரு பிரமாணத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கொல்லம் 1112-ல் எழுதியது. முத்திரைத்தாள் பழுத்து, மடிப்பில் கிழிந்து, உள்ளே ஒரு வேப்பிலைச் சருகு. மலையாளத்தை அவரே எழுத்துக்கூட்டி வாசித்தார். நாலு எல்லை சொல்லும் இடத்தில் மூன்று பக்கமும் ஆள் பெயர்கள். தெற்கே மட்டும் பெயர் இல்லை: ஆற்றுக்கடவுக்குப் போகும் வழி.

‘எனக்க அப்பூப்பன் வாங்கினதே வழிக்கு இந்தப் பக்கம்தான் பிள்ளே. வழியை நாங்க வாங்கல’ என்றார். பட்டாவில் அது அவருடையதாக ஏறியிருந்தது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு முக்கால் சென்ட் கூட. யாரும் கேட்காமலே அதைக் கொண்டுவந்து காட்டினார்.

கொல்லம் 1112 என்றதும் எனக்கு ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. கோயில்களை எல்லா இந்துச் சாதிகளுக்கும் திறந்துவிட்ட திருவிதாங்கூர் ராஜாவின் கோயில் பிரவேச விளம்பரம் வந்த வருஷம் அது, 1936 நவம்பர். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் அந்த வழியில் கடவுக்கு இறங்க முடியாது. கீழே, சுழி உள்ள இடத்தில், பாறை இடுக்கில்தான் குளிக்க வேண்டும். விளம்பரம் கோயிலைப் பற்றியதுதான். ஆற்றுக்கடவுக்கு அன்றைக்கே யாரும் விட்டுவிடவில்லை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருத்தியாக இறங்கித்தான் பழக்கினார்கள் என்பாள் ஆச்சி. வைக்கத்தில் 1924-ல் நடந்த போராட்டமும் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கத்தானே? நடந்து போகிற வழிக்காக இந்தப் பக்கத்து மனிதர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த வழியை நூல் பிடித்து அரையடி அரையடியாக நானே அடைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

கிராம சபையில் 2023 மார்ச் 22-ல் மனு கொடுத்தோம். உலகத் தண்ணீர் நாள் கிராம சபை. ஆற்றுக்கு வழி கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. ஐம்பது அறுபது பேர் இருந்தோம். எதிர்ப்பும் வந்தது. திருடன் வருவான், வெளியூர் ஆட்கள் பாட்டிலோடு வருவார்கள், குப்பை போடுவார்கள். இதையெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும். ஒருவர் ரொம்ப நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: ரோட்டோரம் ஒரு கேட் போட்டு, வழியை ஒட்டிய பன்னிரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு சாவி கொடுத்துவிடலாம்.

பாதிப் பேர் சரி என்று தலையாட்டினார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் முன்னோருக்குப் பலி போடும் வாவுபலி நடக்கும்போது எங்கள் சின்னக் கடவுக்கும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் பலி போட வருவார்கள். அவர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவி கேட்பது? ரோட்டுக்கு மேலே மூன்று சென்ட் காலனியில் இருப்பவர்கள் கோடையில் குழாய்த் தண்ணீர் வராத நாளில் குளிக்க வருகிறார்கள், அவர்களுக்குச் சாவி உண்டா? பன்னிரண்டு வீட்டுக்குச் சாவி என்றால் மற்ற ஊருக்கெல்லாம் பூட்டு. சட்டம் படிக்கும் தங்கச்சி மகனும் எழுந்து பேசினான். கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொன்னான்: ஆறு மாதிரியான இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது, அது அரசுக்கே சொந்தச் சொத்து இல்லை. அரசுக்கே அப்படி என்றால் பன்னிரண்டு வீட்டுக்கு எப்படி? கேட் யோசனை அதோடு நின்றது.

குடிகாரர் தொல்லைக்கு வழி சொன்னது மகளிர் குழுப் பெண்கள். கய்யாலை இருந்த காலத்தில் எந்தப் பயமும் இல்லை, சுவர் ஆறடி ஆன பிறகுதான் பயம் வந்தது என்றார்கள். வழிக்குள் நுழைந்தவனை எந்த வீட்டிலிருந்தும் பார்க்க முடியாது, உள்ளே ஒருத்தி கத்தினாலும் தெரியாது. சுவரை மூன்றரை அடியாகக் குறைத்து, அதற்கு மேல் வேண்டுமானால் கம்பி போடுங்கள் என்று கேட்டார்கள். பன்னிரண்டில் ஒன்பது வீடு ஒத்துக்கொண்டது. சுவர் உயரத்தை நானாக யோசித்திருக்கவே மாட்டேன். விளக்குக் கம்பம் ஒன்று போட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அளக்க விண்ணப்பம் போட்டோம், சர்வேயர் வந்தார், கல் நட்டார். வாத்தியார் மாமா கீழ்பாதியைப் பஞ்சாயத்துப் பேருக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுத்தார். இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லாக ‘நடந்துக்கோங்க’ என்று விட்டது அவர் காலத்தோடு போய்விடும். பிள்ளைகள் விற்பார்கள், வாங்குகிறவர் பட்டாவைத்தான் பார்ப்பார். உங்கள் ஊரில் இப்படி ஒரு துண்டு இருந்தால், கொடுக்க மனசுள்ளவர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள்.

பணம் ‘நமக்கு நாமே’ திட்டத்தில். மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதி அரசு போடும். நாலரை லட்சம் எஸ்டிமேட்; ஒன்றரை லட்சம் வசூலித்தோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், சர்ச்சில் ஒரு ஞாயிறு காணிக்கை, பள்ளிவாசல் ஜமாஅத், கோயில் கமிட்டி. அலைச்சல் இருந்தது, ஆனால் கிடைத்தது.

இனி வேலையைச் சொல்கிறேன். கடவில் ஏற்கெனவே ஒரு கான்கிரீட் படிக்கட்டு இருந்தது, எப்போதோ போட்டது. ஒவ்வொரு படியும் ஒன்பது அங்குல உயரம். பன்னிரண்டு படி இறங்கினால் கடைசிப் படிக்குக் கீழே இரண்டடி அந்தரம். கட்டும்போது அப்படி இருந்திருக்காது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி இறங்கிப்போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் குதித்துவிடுவார்கள். அறுபது தாண்டியவர் அங்கே போய் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

படிக்குக் கணக்கு எளிது. ஆறு அங்குலம் ஏற்றம், ஒரு அடி மிதி. வயசானவர்கள் முட்டு அதைத் தாங்கும். அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். கால் இரண்டாவது படியிலேயே அளவைப் பழகிக்கொள்ளும். நடுவில் ஒன்று முக்கால் அங்குலம் கூடினாலும் அங்கேதான் விழுவார்கள். கரையிலிருந்து கோடைக்காலத் தண்ணீர் மட்டம் வரை பதினொரு அடி. இருபத்திரண்டு படி, நடுவில் இரண்டு இடத்தில் நாலடி லாண்டிங்.

சாய்தளம் போட முடியுமா என்று கேட்டார்கள். பன்னிரண்டு அடிக்கு ஒரு அடிக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது. பதினொரு அடி இறங்க நூற்று முப்பத்திரண்டு அடி நீளம் வேண்டும். இடமில்லை. அதனால் ரோட்டிலிருந்து கரை வரையுள்ள நூற்றைம்பது அடியைப் படியே இல்லாமல் சரிவாக்கினோம். அங்கே ஏழடிதான் இறக்கம், சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். கரை உச்சியில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு திட்டு, கல் பெஞ்சு. தண்ணீர் தொட முடியாதவர் அங்கே உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கலாம்.

டைல்ஸ் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஒரு மாசம் பெய்தால் இங்கே எல்லாவற்றிலும் பாசி பிடிக்கும். கான்கிரீட் இறுகும் முன்னே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தோம். வழியை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, ஓரத்தில் ஓடை எடுத்தோம். படிக்கட்டுக்கு அடியில், ஆற்றுப்பக்கம், பாறை கிடைக்கும் வரை தோண்டி அடிச்சுவர் வைத்தோம். ஆறு படியை மேலிருந்து உடைப்பதில்லை, அடியில் மண்ணைத் தின்றுதான் உடைக்கும்.

கைப்பிடிக்கு ஜிஐ பைப், இரண்டு பக்கமும். கடைசிப் படியோடு நிறுத்தவில்லை, தண்ணீருக்குள்ளும் மூன்றடி நீட்டினோம். ஆற்றில் நிற்கும்போதுதான் பிடி வேண்டும். பைப்பைக் கான்கிரீட்டில் புதைக்காமல் குழலுக்குள் செருகிப் போல்ட் போட்டிருக்கிறோம். வெள்ளத்தில் மூங்கிலும் வாழைத்தடையும் வந்து பைப்பில் சிக்கினால் படியையே பெயர்த்துக்கொண்டு போகும். தண்ணீர் பத்தாவது படி ஏறினால் கழற்றி மேலே கொண்டுவந்துவிடுவோம். போன மழையில் இரண்டு தடவை கழற்றினோம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. திட்டுக்குக் கீழ்ப்பக்கம் கரை அரிக்கிறது. வெட்டிவேர் நட்டதில் பாதி ஜூன் மழையில் போய்விட்டது, மறுபடி நட வேண்டும். ஷாம்பு பாக்கெட் பொறுக்கிப் பொறுக்கி மகளிர் குழுவுக்குக் கை ஓய்கிறது. சுவர் குறைக்காத மூன்று வீட்டுக்கு எதிரே சாயங்காலம் இன்னமும் இரண்டு மூன்று பேர் பாட்டிலோடு நிற்கிறார்கள்.

வளைவுச் சுவரை இடித்த நாளில் கூலி வேண்டாம் என்று நானே கடப்பாரை எடுத்தேன். அந்த வீட்டு அண்ணன் பக்கத்தில் நின்றார். திட்டவில்லை, டீ போடச் சொன்னார். அஸ்திவாரத்தைக் கிளறும்போது துவைகல் வந்தது. பதினைந்து வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அந்த வழவழப்பு போகவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் திட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்தோம்.

அம்மையை நாங்கள் கூட்டிக்கொண்டு போனது ஒரு ஞாயிறு காலை. கம்பை ஊன்றிக்கொண்டு, வழியில் சுவருக்கு மேலே தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும் நின்று பேசி, நூற்றைம்பது அடி போக அரைமணி நேரம். திட்டில் உட்கார்ந்து அக்கரையைப் பார்த்தாள். ஆறு இவ்வளவு கீழே போயிற்றா என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கைப்பிடியைப் பிடித்து முதல் லாண்டிங் வரை இறங்கினாள். போதும், மீதி நாளைக்கு என்றாள்.

திரும்பும்போதுதான் கல்லைப் பார்த்தாள். குனிந்து உள்ளங்கையை அந்தக் குழியில் வைத்தாள்.

‘இதை ஏம்ல மக்கா இங்க கொண்டு போட்டிருக்க?’

‘எங்க வைக்கணும்னு தெரியல அம்மை.’

‘அடியில இருந்து மூணாவது படி, இடது கை. ஆடியில தண்ணி ஏறுனாலும் முட்டளவுதான் வரும். வெயிலும் பத்து மணிக்கு முன்ன படாது.’

கல் ஒரு நூற்றிருபது கிலோவாவது இருக்கும். ஆறு பேரும் ஒரு வடமும் வேண்டும். வருகிற ஞாயிறு இறக்குகிறோம்.